நகரத்துக்கு ஒரு கணப்பு

மார்கழி மாதத்து விடியற்காலையில் போர்வையை விட்டு எழ மனம் வராமல் சுருண்டு கிடப்பதைத்தான் நாம் குளிர் என்கிறோம். அந்தக் குளிர் உயிரை வாங்குவதில்லை. கதிரவன் ஒரு பனை உயரம் ஏறியதும் ஓடிவிடும். ஆனால், மாதக்கணக்கில் நீர் உறைந்து கல்லாகக் கிடக்கும் நாடுகளில் குளிர் என்னும் சொல்லுக்குப் பொருளே வேறு. அங்கே வீட்டுக்குள் வெப்பம் இல்லையென்றால் வாழ்வு இல்லை. சோற்றையும் தண்ணீரையும் போல வெப்பமும் அன்றாடம் வந்து சேர வேண்டிய பொருளாகிவிடுகிறது. இந்தத் தேவையை ஒரு பெரிய நகரம் எவ்வாறு நிறைவேற்றிக்கொண்டது, அதற்காக எரித்துவந்த நிலக்கரியை எவ்வாறு கைவிட்டது, கைவிட்டபின் எந்தச் சிக்கல்களோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த நகரம் பின்லாந்து நாட்டின் தலைநகரமாகிய ஹெல்சிங்கி. பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 பாகையில், பால்டிக் கடலோரத்தில் அமைந்திருக்கிறது. அதன் மக்கள் தொகை ஏழு லட்சத்தை நெருங்குகிறது. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகற்பொழுது ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. கடுங்குளிர் நாட்களில் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு.

முற்காலத்தில் அந்நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடுப்பு இருந்தது. பின்னர் ஒவ்வொரு மாடிக் கட்டடத்துக்கும் ஒரு கொதிகலன் வந்தது. அவற்றில் விறகும் நிலக்கரியும் எரிந்தன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு நிலக்கரி வருவது அரிதாகிவிடவே, நகரத்துச் சதுக்கங்களில் விறகை மலைபோல் அடுக்கி வைத்தார்கள். ஹக்கானியெமி என்னும் சந்தை மைதானத்தில் காய்கறிக் கடைகள் இருந்த இடத்தை விறகுக் குவியல்கள் அடைத்துக்கொண்டிருந்த காட்சி அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இன்றும் காணக் கிடைக்கிறது. இந்த மைதானத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அங்கே மீண்டும் வர வேண்டியிருக்கும்.

போருக்குப் பின், 1950-களில், ஹெல்சிங்கி மக்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டார்கள். திருமணச் சத்திரத்தில் வந்தவர் ஒவ்வொருவரும் தனித்தனியே அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. ஒரே பெரிய கோட்டை அடுப்பில் சமைத்துப் பந்தி பந்தியாகப் பரிமாறுகிறோம். அதைப் போல, நகரம் முழுவதற்கும் சில பெரிய கொதிகலன்களை அமைத்து, அங்கே சூடாகும் வெந்நீரைப் பூமிக்கடியில் குழாய்களின் வழியே வீடு வீடாக அனுப்பும் முறை அது. இதனைப் பொது வெப்ப விநியோகம் என்று சொல்லலாம். இது அவர்கள் கண்டுபிடித்த முறையன்று. 1877-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் என்னும் ஊரில், பேர்ட்சில் ஹாலி என்னும் பொறியியல் வல்லுநர் குழாய்களின் வழியே நீராவியை வீடுகளுக்கு விற்றுக் காட்டினார். நீராவிக்குப் பதிலாக வெந்நீரைப் பயன்படுத்தி, அதனை நகரத்தின் பொது உடைமையாக்கி வளர்த்தவை வட ஐரோப்பிய நகரங்கள்.

ஹெல்சிங்கியில் இந்தக் குழாய்களின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நகரத்துக் கட்டடங்களுக்கு வேண்டிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு இவற்றின் வழியாகவே செல்கிறது. மிதமான நாட்களில் ஏறத்தாழ 65 டிகிரியிலும், மிகக் கடுமையான குளிரில் 115 டிகிரி வரையிலும் நீர் புறப்பட்டுச் செல்லும். நூறு டிகிரிக்கு மேல் நீர் கொதித்து ஆவியாகாதோ என்று நீங்கள் கேட்கலாம். குழாய்க்குள் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் அது நீராகவே இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் இந்த நீர் தன் வெப்பத்தை அக்கட்டடத்தின் சொந்தக் குழாய்களில் ஓடும் நீருக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து, மீண்டும் நிலையத்துக்குத் திரும்பும். தண்ணீர் செலவாவதில்லை, வெப்பம் மட்டுமே இறக்கி வைக்கப்படுகிறது.

இந்த முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. நிலக்கரியை எரித்து மின்சாரம் மட்டும் உண்டாக்கும் நிலையத்தில், எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெறும் வெப்பமாக ஆற்றிலோ கடலிலோ வீணாகக் கலந்துவிடுகிறது. அந்த வெப்பத்தைக் குழாயில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பிவிட்டால், எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் வரை பயன்படுத்திக்கொள்ள முடியும். ஹெல்சிங்கியின் சல்மிசாரி, ஹனசாரி ஆகிய நிலையங்கள் இவ்வாறு மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே தந்தன. வீட்டுக்கு வீடு இருந்த புகைபோக்கிகள் ஓய்ந்தன. நெடுங்காலம் உலகத்துப் பொறியியலார் இந்நகரத்தைச் சிக்கனத்துக்கு இலக்கணமாகக் காட்டி வந்தார்கள்.

ஆயினும், எவ்வளவு சிக்கனமாக எரித்தாலும் நிலக்கரி நிலக்கரியே. ரசாயனப் பாடத்தில் நீங்கள் படித்த ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கரியின் அணு எடை 12. பிராணவாயுவின் அணு எடை 16. ஒரு கரி அணுவோடு இரண்டு பிராணவாயு அணுக்கள் சேர்ந்தால் 44. எனவே, 12 கிலோ கரி எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. அதாவது ஒரு கிலோவுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். பல கோடி ஆண்டுகளாகப் பூமிக்குள் புதைந்து கிடந்த கரியை வெளியே எடுத்துக் காற்றில் கலந்துவிடுவதால் உலகமே வெம்மையேறி வருகிறது என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஹெல்சிங்கி நகரம் வெளியிட்டுவந்த இத்தகைய வாயுவில் பாதிக்கு மேல் கட்டடங்களுக்கு வெப்பமூட்டுவதிலிருந்தே பிறந்தது. சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற அந்தப் பொது அடுப்பே நகரத்தின் பெருங்குறையாகவும் ஆகிவிட்டது.

2015 டிசம்பரில் நகர மன்றம், 1974 முதல் இயங்கிவந்த ஹனசாரி நிலையத்தை மூடிவிடுவதென்று முடிவு செய்தது. 2019-இல் பின்லாந்துப் பாராளுமன்றம், 2029 மே மாதத்திலிருந்து நாட்டில் சக்தி உற்பத்திக்கு நிலக்கரியை எரிக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. முடிவு செய்வது எளிது; உறைபனி நாளில் ஏழு லட்சம் மக்களை வெப்பமின்றி விட முடியாது என்பதுதான் கடினம். ஆதலால் நகரத்தார் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, 2020-இல் உலக அறிஞர்களை நோக்கி ஒரு போட்டியை அறிவித்தார்கள். நிலக்கரியும் இன்றி, கூடுமான வரையில் விறகும் இன்றி, இந்நகரத்தை வெப்பமாக வைத்திருக்க வழி சொல்பவர்களுக்குப் பத்து லட்சம் யூரோ பரிசு. 35 நாடுகளிலிருந்து 252 குழுக்கள் யோசனை அனுப்பின. 2021-இல் நான்கு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. அவற்றுள் ஒன்று, கடலில் மிதக்கும் பெருந்தொட்டிகளில் வெந்நீரைத் தேக்கி வைக்கலாம் என்றது. நிலக்கரிக்கு மாற்றாக ஒரே ஒரு பொருள் கிடைத்துவிடாது, பல சிறு வழிகளைக் கூட்டுச் சேர்க்க வேண்டும் என்பதே இந்த முயற்சிகளின் வழியே தெளிவான பாடம்.

அந்தப் பல வழிகளுள் மிக அழகானதை முதலில் சொல்கிறேன்.

நீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடாது. வெப்பமும் அவ்வாறே. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குத் தானாகச் செல்லும், எதிர்த்திசையில் செல்லாது. ஆனால், கிணற்று நீரை மேட்டு நிலத்துக்கு இறைக்க நம் முன்னோர் ஏற்றம் என்னும் கருவியை அமைத்தார்களே, அதைப் போல வெப்பத்தையும் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கு இறைத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டி செய்வது இதையே. அதன் உள்ளேயிருக்கும் சிறிதளவு வெப்பத்தையும் இறைத்து வெளியே கொட்டுவதால் அதன் பின்புறம் சூடாக இருப்பதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இதே தத்துவத்தில் இயங்கும் பெரிய யந்திரத்தை வெப்ப ஏற்றம் என்று அழைப்போம். ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டால், அது எங்கிருந்தோ இரண்டு பங்கு வெப்பத்தை இறைத்து, மொத்தம் மூன்று பங்கு வெப்பமாக நம்மிடம் தருகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஏற்றம் நீரைப் படைப்பதில்லை, இறைக்கிறது. அவ்வளவே.

இறைப்பதற்குக் கிணறு எங்கே? அதுதான் வியப்பு. ஹெல்சிங்கியின் கிணறு அதன் சாக்கடை. குளித்த நீர், துணி துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர் யாவும் நகரத்துக்கடியில் விய்க்கின்மாக்கி என்னும் இடத்தில் பாறைக்குள் அமைந்த நிலையத்தில் சுத்தம் செய்யப்பட்டுக் கடலை நோக்கிச் செல்கின்றன. வெளியே பனி பெய்யும்போதும் அந்த நீர் பத்து டிகிரி அளவில் இளஞ்சூடு மாறாமல் இருக்கும். 2006-ஆம் ஆண்டில், ஒரு பூங்காவின் அடியில் பாறையைக் குடைந்து வெப்ப ஏற்ற யந்திரங்களை நிறுவி, அந்நீரின் வெப்பத்தை இறைத்து மீண்டும் நகரத்துக்கே கொடுத்தார்கள். பூங்காவுக்குக் காத்ரி வாலா என்னும் கவியின் பெயர். 1901-இல் பிறந்து 1944-இல், நடுவயதிலேயே மறைந்த பெண் கவி அவர். மேலே குழந்தைகள் பனியில் சறுக்கி விளையாட, கீழே யந்திரங்கள் அவர்கள் வீட்டு வெந்நீரின் மிச்சச் சூட்டைத் திரட்டிக்கொண்டிருக்கின்றன. கோடையில் இதே யந்திரங்கள் அலுவலகங்களையும் கடைகளையும் குளிரச் செய்து, அங்கிருந்து எடுத்த வெப்பத்தைக் குளியலுக்கு வேண்டிய வெந்நீராக்கி விடுகின்றன.

கணிப்பொறிகள் நிறைந்த கூடங்களும் மற்றொரு கிணறு. கணிப்பொறி உண்ணும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. 2010-ஐ ஒட்டிய காலத்தில், ஹெல்சிங்கியின் புகழ்பெற்ற உஸ்பென்ஸ்கி தேவாலயம் நிற்கும் குன்றின் உள்ளே, போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் ஒளிந்துகொள்ளக் குடைந்த குகையில், இத்தகைய கூடம் ஒன்று அமைக்கப்பட்டு அதன் வெப்பம் நகரக் குழாயில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு இன்னும் பெரிய கூடங்களும் இவ்வாறே இணைக்கப்பட்டன.

அடுத்தது சேமிப்பு. விளைந்த காலத்து நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல, வெப்பத்தையும் கொட்டி வைக்க வேண்டும். முஸ்திக்கமா என்னும் தீவின் பாறைக்குள், முன்பு கப்பல் கப்பலாக எண்ணெய் நிரப்பி வைத்திருந்த பெருங்குகைகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் 2,60,000 கன மீட்டர் நீரை நிரப்பி வெந்நீர்க் குதிராக மாற்றினார்கள். கணக்குப் பிரியர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம்: இந்த நீரை 40 டிகிரி உயர்த்தினால் எத்தனை யூனிட் சக்தி அதில் அடங்கும்? ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் யூனிட். நாளொன்றுக்கு முப்பது லட்சம் யூனிட் வீதம் எடுத்தால் நான்கு நாளைக்குத் தாங்கும். எண்ணெயின் குகை நீரின் குகையானதே இந்த மாறுதலுக்கு ஓர் அடையாளம்.

இவ்வேலைகள் நடந்துகொண்டிருக்கையில் 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ஹெல்சிங்கிக்கு நிலக்கரி ருஷ்யாவிலிருந்தே பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ருஷ்யாவின் இயற்கை வாயு பின்லாந்துக்கு வருவது நின்றது. ஆகஸ்டில் ருஷ்ய நிலக்கரிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அமலுக்கு வந்தது. வானிலையைக் காக்கும் பொருட்டுத் தொடங்கிய வேலை, நாட்டின் சுதந்திரத்தைக் காக்கும் வேலையாகவும் ஆயிற்று. 2024-இறுதியில் மூடுவதாக இருந்த ஹனசாரி நிலையம், 2023 ஏப்ரலிலேயே மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் சல்மிசாரியிலும் நிலக்கரி நின்றது. சட்டம் கொடுத்த தவணைக்கு நான்கு ஆண்டுகள் முன்பாகவே ஹெல்சிங்கி நிலக்கரிக்கு விடை கொடுத்துவிட்டது.

மாணவ நண்பர்களே! கதை இத்தோடு சுபமாக முடிந்தது என்று சொல்லி நான் விடைபெற்றுக்கொள்ளலாம். ஆனால் அது உண்மைக்குச் செய்யும் நியாயமாகாது. மூன்று கடினமான கேள்விகள் எஞ்சி நிற்கின்றன.

முதற்கேள்வி விறகைப் பற்றியது. நிலக்கரி விட்டுச் சென்ற இடத்தில் பெரும்பகுதியை நிரப்பியது மரம். வுவோசாரி என்னும் இடத்தில் மரச் சில்லுகளை எரிக்கும் 260 மெகாவாட் கொதிகலன் எழுந்தது. சல்மிசாரியிலும் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகள் எரிகின்றன. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியையே எரியும்போது திருப்பித் தருகிறது, ஆகவே கணக்கு நேராகிவிடுகிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. பின்லாந்தின் குளிரில் ஒரு மரம் முதிர்வதற்கு அறுபது முதல் நூறு ஆண்டுகள் ஆகும். எரிப்பதோ சில நிமிடம். இன்று வாங்கிய கடனைப் பேரப்பிள்ளைகளின் காலத்தில் காடு அடைக்கும் என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது. மர அறுவை ஆலைகளில் மிஞ்சும் பட்டையையும் தூளையும் எரிப்பது ஒன்று. காட்டில் நிற்பதை எரிக்கவே வெட்டுவது வேறொன்று. வெட்டு மிகுந்து, மரங்களின் வளர்ச்சியும் மந்தமாகிவிட்டதால், பின்லாந்தின் காடுகள் கரியமில வாயுவை உறிஞ்சும் ஆற்றல் குறைந்திருப்பதாக அந்நாட்டுப் புள்ளிவிவரங்களே 2020-களின் தொடக்கத்தில் எச்சரித்தன. ஹக்கானியெமி மைதானத்து விறகுக் குவியல்களை நினைவில் வைக்கச் சொன்னேனே! ஹனசாரி நிலையம் நின்ற இடம் அந்த மைதானத்துக்கு அண்மையில்தான். விறகை விட்டு நிலக்கரிக்குச் சென்ற நகரம் நிலக்கரியை விட்டு மீண்டும் விறகுக்கே வந்து நிற்பது, வழியில் தங்கும் சத்திரமாக இருக்கலாம். ஊர் போய்ச் சேர்ந்ததாகாது. இதனை உணர்ந்தே, நகரத்துக்குச் சொந்தமான ஹெலன் என்னும் எரிசக்திக் கம்பெனி, 2040-க்குள் எதையும் எரிக்காமலே வெப்பம் தருவதைத் தன் குறிக்கோளாக அறிவித்திருக்கிறது.

இரண்டாம் கேள்வி காற்று வீசாத கடுங்குளிரைப் பற்றியது. வெப்ப ஏற்றத்துக்கு மின்சாரம் வேண்டும். காற்று நன்றாக வீசும் நாட்களில் பின்லாந்தில் மின்சாரம் மிக மலிவாகி, வெறும் மின்கொதிகலனில் நீரைச் சுட வைத்துக் குகையில் தேக்குவதும் கட்டுபடியாகிறது. ஆனால் மிகக் கடுமையான குளிர் பெரும்பாலும் காற்று அடங்கிய தெளிந்த வானத்தோடு வருகிறது. 2024 ஜனவரி 5-ஆம் தேதி அத்தகைய குளிரில் பின்லாந்தின் மின்சாரச் சந்தையில் விலை பல மடங்காக உயர்ந்து, மக்களை மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நான்கு நாளைக்குத் தாங்கும் குதிர் நாற்பது நாள் குளிருக்குப் போதாது. ஆகவேதான் வாயு நிலையங்களும், அவசரத்துக்கு எண்ணெய்க் கொதிகலன்களும் இன்னும் முழு ஓய்வு பெறவில்லை. வெப்பம் மட்டும் தரும் சிறிய அணு உலையை அமைக்கலாமா என்றும் அங்கே ஆராய்ந்து வருகிறார்கள்.

மூன்றாம் கேள்வி, நிலையத்தை விட்டு வீட்டுக்குள் நுழைகிறது. ஏற்றம் இறைக்கும் உயரம் கூடக் கூடப் பாடு கூடுகிறது. பத்து டிகிரி நீரிலிருந்து வெப்பத்தை அறுபது டிகிரிக்கு உயர்த்துவதைக் காட்டிலும் நூறு டிகிரிக்கு உயர்த்த மிகுந்த மின்சாரம் செலவாகும். குழாயில் குறைந்த சூட்டிலேயே நீர் சென்றால் போதும் என்ற நிலை வர வேண்டுமானால், வீட்டுச் சுவர்களும் சாளரங்களும் வெப்பத்தை ஒழுக விடாமல் செப்பனிடப்பட வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதைவிடக் குடத்தை அடைப்பது மேல் அல்லவா? பழைய கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ள நகரத்தில் அதற்குப் பணமும் காலமும் வேண்டும். குடியிருப்போரின் சம்மதமும் வேண்டும்.

எல்லா நகரங்களுக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்ஜாவிக்கில் பூமியே கொதிநீரைத் தருகிறது; 1930-இல் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சில வீடுகளுக்கும் அந்நீரைக் குழாயில் கொண்டுவந்தவர்கள் இன்று நகரம் முழுவதையும் அதனாலேயே வெப்பமாக்குகிறார்கள். ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1980-களிலிருந்தே கடல்நீரிலிருந்து வெப்பத்தை இறைக்கும் யந்திரங்கள் உண்டு. அங்கே கடைசி நிலக்கரிக் கொதிகலன் 2020-இல் அணைந்தது. ஹெல்சிங்கியின் கரையோரக் கடல் ஆழமற்றது. குளிர்காலத்தில் அந்நீர் உறையும் நிலைக்கு வந்துவிடுவதால் அதில் இறைக்க வெப்பம் அதிகம் மிஞ்சுவதில்லை. ஒவ்வோர் ஊரும் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று தானே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு குனிந்து பார்த்தபோது ஹெல்சிங்கி மக்கள் கண்டது தங்கள் சாக்கடையை, வெறுமையான எண்ணெய்க் குகையை, பழைய குண்டுவீச்சு மறைவிடத்தை. மற்றவர்கள் கழிவு என்று தள்ளியவற்றில் அவர்கள் பொருளைக் கண்டார்கள். அது முடிந்தது அவர்களுக்கு ஏன் என்றால், எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஒரு பொதுக் குழாயைப் பதித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு தனி அடுப்பு இருந்திருந்தால், ஒவ்வொரு அடுப்பையும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்திருக்கும். குழாய் ஒன்றாக இருந்தபடியால், அதில் வெப்பத்தை இடும் கையை மட்டும் மாற்றினால் போதுமாயிற்று. வீட்டில் இருந்தவர்களுக்கு மாறுதல் நடந்ததே தெரியவில்லை. பொதுவாக ஒன்றைக் கட்டி வைத்தவர்கள், கட்டும்போது தாங்கள் நினைத்தும் பாராத நன்மையைப் பின்வருவோருக்கு விட்டுச் செல்கிறார்கள்.

நாளை பொறியியல் வல்லுநர்களாகவும், நகராட்சி உறுப்பினர்களாகவும், குடிமக்களாகவும் ஆகவிருக்கும் உங்களுக்கு, நான் சொல்லி முடிக்க விரும்புவது இதுவே. ஒரு நெருப்பை அணைப்பது பாதி வேலை. அணைத்த இடத்தில் எதை வைக்கிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம், அந்த விலையை யார் எப்போது செலுத்தப் போகிறார்கள் என்று கேட்பது மறுபாதி. ஹெல்சிங்கி முதற்பாதியைச் செய்து முடித்திருக்கிறது. மறுபாதியை இப்போது செய்துகொண்டிருக்கிறது.